பீமுக்குள்ளே என்ன நடக்கிறது? – கட்டடக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பீமைப் பற்றியவை. டிப்ளமோ படிக்கும் பிள்ளை, வீடு கட்டிக்கொண்டிருப்பவர், சைட் சூப்பர்வைசர், பழைய வீட்டைக் காப்பாற்ற நினைக்கும் ஓர் அம்மா என்று எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். கேட்டிருப்பதோ கிட்டத்தட்ட ஒரே படத்தைப் பற்றி. அதனால் கசிவு, ஓதம், பெயின்ட் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டு இந்த இதழைப் பீமுக்கே கொடுக்கிறேன்.

கேள்வி: மேடம், நான் டிப்ளமோ சிவில் இரண்டாம் வருடம். ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமென்ட் டயகிராம் வரையச் சொன்னால் வரைந்துவிடுவேன். முழு மார்க்கும் வாங்குகிறேன். ஆனால் அந்தப் படம் எதைக் காட்டுகிறது என்று தம்பி கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பீம் அந்த வடிவத்தில்தான் வளையுமா? மொமென்ட் என்பது பீமுக்குள் எங்கே இருக்கிறது?
– மாணவி, நெல்லிக்குப்பம்

பதில்: முழு மார்க் வாங்கிய பிறகும் உனக்கு இப்படிக் கேட்கத் தோன்றியிருக்கிறதே அம்மா, எனக்கு ரொம்ப சந்தோஷம். வேலைக்கு வந்து இரண்டு வருடம் வரை நானும் உன்னைப் போலவே வரைந்துகொண்டிருந்தேன். கடைசியில் புரியவைத்தது என் அப்பா தோளில் ஏற்றிய மூங்கில் கழி.

அப்பா கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மீன் கூடை சுமந்தவர். கூடை கனமாக இருந்தால் தனியாகத் தூக்க மாட்டார்கள். ஒரு கழியை எடுத்து நடுவில் கூடையைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோள் கொடுப்பார்கள். உன் புத்தகத்தில் ‘சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம், நடுவில் பாயின்ட் லோடு’ என்று போட்டிருக்குமே, அது இதுதான். தாங்கிகள் இரண்டும் இரண்டு பேருடைய தோள்கள்.

கழி 2 மீட்டர், கூடை 60 கிலோ என்று வைத்துக்கொள். கணக்குக்கு 600 நியூட்டன். நடுவில் தொங்கினால் ஆளுக்கு 300. இப்போது அப்பாவின் தோளிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிக் கழியை ரம்பத்தால் அறுத்துவிட்டதாக நினைத்துப் பார். அந்தச் சின்னத் துண்டின் ஒரு முனையைத் தோள் 300 நியூட்டனால் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. மறு முனையில் எதுவும் இல்லை. துண்டு எகிறிச் சுழன்று விழும். விழாமல் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டுமானால் அறுத்த முகத்தை நீ கையால் பிடிக்க வேண்டும். எப்படிப் பிடிப்பாய்?

முதலில், தோள் மேலே தள்ளுவதற்குச் சமமாக 300 நியூட்டன் கீழே அமுக்க வேண்டும். அது வெட்டு விசை. நாம் ஷியர் என்கிறோம். அமுக்கினால் மட்டும் போதாது. தோள் ஓரிடத்தில் மேலே தள்ள, உன் கை 40 சென்டிமீட்டர் தள்ளிக் கீழே அமுக்க, இரண்டும் சேர்ந்து துண்டைத் திருப்பும். திருப்பும் அளவு 300 × 0.4, அதாவது 120 நியூட்டன் மீட்டர். அதை நிறுத்த, அறுத்த முகத்தின் மேல் விளிம்பை உள்ளே அழுத்தவும், கீழ் விளிம்பை வெளியே இழுக்கவும் வேண்டும். இந்த ஜோடிதான் பெண்டிங் மொமென்ட். அறுக்காத கழியில் உன் கை செய்யும் வேலையை மூங்கிலின் நார்களே செய்துகொண்டிருக்கின்றன. மேல் நார்கள் நெருக்கப்படுகின்றன, கீழ் நார்கள் இழுபடுகின்றன. எங்கே இருக்கிறது என்று கேட்டாயே, அந்த நெருக்கலிலும் இழுவையிலும் இருக்கிறது.

இனி ரம்பத்தைக் கழி நெடுக நகர்த்திக்கொண்டே போ. அறுக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள் கிடைக்கும். கழியைப் போல ஒரு கோடு போட்டு, அந்தந்த இடத்தில் அந்த எண்ணை உயரமாகக் குறித்தால் இரண்டு படங்கள் வந்துவிடும். ஆக, பீம் வளையும் வடிவத்தை அந்தப் படம் காட்டவில்லை. ‘இந்த இடத்தில் அறுத்தால் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும்’ என்பதைத்தான் காட்டுகிறது. நம் கழிக்கு ஷியர் முதல் ஒரு மீட்டர் முழுவதும் 300, கூடையைத் தாண்டியதும் சட்டென்று கழித்தல் 300. மொமென்ட் தோளில் பூஜ்யம், நேர்கோடாக ஏறி நடுவில் 300 நியூட்டன் மீட்டர், மறுபடி இறங்கி அடுத்த தோளில் பூஜ்யம்.

அப்பாவுடைய கூட்டாளி ஒருவருக்கு முழங்கால் வலி. அவரோடு சுமக்கும் நாளில் அப்பா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். தன் தோளிலிருந்து அரை மீட்டரில் கூடை தொங்கினால் அப்பாவுக்கு 450, கூட்டாளிக்கு 150. கூடைக்கு நேர்மேலே மொமென்ட் 450 × 0.5 = 225. கூட்டாளி பக்கமிருந்து பார்த்தாலும் 150 × 1.5, அதே 225. இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதைவிட நல்ல சரிபார்ப்பு கிடையாது, பரீட்சையிலும் இதைச் செய். இன்னொன்றையும் கவனி. கூடையை நகர்த்தியதில் மொமென்ட் 300-லிருந்து 225-ஆக இறங்கியது, ஷியரோ 300-லிருந்து 450-ஆக ஏறிவிட்டது. ஒன்று குறையும்போது மற்றது கூடலாம் என்பதால்தான் இரண்டு படமும் தேவைப்படுகிறது.

ஷியரும் மொமென்ட்டும் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதற்கு வீராணம் ஏரியை நினைத்துக்கொள். வரத்திலிருந்து திறப்பைக் கழித்தால் வரும் நிகர நீர்தான் ஷியர், ஏரியின் நீர்மட்டம்தான் மொமென்ட். நிகரம் கூட்டலில் இருக்கும்வரை மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். நிகரம் சின்னதாகிவிட்டாலும் ஏறத்தான் செய்யும், மெதுவாக ஏறும். நிகரம் பூஜ்யத்தைத் தாண்டிக் கழித்தலுக்குப் போகும் நாளில்தான் மட்டம் உச்சத்தில் இருக்கும். ‘ஷியர் பூஜ்யமாகும் இடத்தில் மொமென்ட் உச்சம்’ என்று மனப்பாடம் செய்திருப்பாய், அது இதுதான். ஷியர் படத்தின் பரப்பைக் கூட்டினால் மொமென்ட் வருவதும் இதனால்தான். கழியில் பார், 450 × 0.5 பரப்பு 225.

வீட்டு பீமில் சுமை ஓரிடத்தில் தொங்காது, நெடுகப் பரவியிருக்கும். 4 மீட்டர் பீமில் மீட்டருக்கு 20 கிலோ நியூட்டன் என்றால் தூணுக்கு 40. ஷியர் 40-ல் தொடங்கிச் சாய்கோடாக இறங்கி நடுவில் பூஜ்யம், அந்த முனையில் கழித்தல் 40. பாதி வரையிலான முக்கோணத்தின் பரப்பு ½ × 40 × 2 = 40. அதுவே நடு மொமென்ட். சூத்திரத்தில் போட்டாலும் 20 × 4 × 4 ÷ 8, அதே 40 வரும். கால் பங்கில், அதாவது ஒரு மீட்டரில் எவ்வளவு? 40 × 1-லிருந்து 20 × 0.5-ஐக் கழி, 30. நடுவில் உள்ளதில் முக்கால் பங்கு கால் தூரத்திலேயே வந்துவிடுகிறது. கீழ்க்கம்பியில் பாதியை நினைத்த இடத்தில் வெட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று சைட்டில் யாராவது சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்.

கேள்வி: மாடியில் நாலடி பால்கனி போடுகிறோம். டிராயிங்கில் மெயின் கம்பி ஸ்லாபின் மேல்பக்கம் காட்டியிருக்கிறது. ‘பாரம் கீழேதான் இறங்கும், கம்பி கீழே இருந்தாத்தான் தாங்கும், இன்ஜினியர் மாத்திப் போட்டுட்டாரு’ என்கிறார் மேஸ்திரி. அனுபவசாலி. யார் சொல்வதைக் கேட்பது? இன்னும் ஒரு அடி நீட்டினால் என்ன, சுற்றி ஒரு சுவரும் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் கேட்கிறார்கள்.
– வீடு கட்டுபவர், முதலியார்பேட்டை

பதில்: டிராயிங்தான் சரி. கான்கிரீட் போடும் தேதி நெருங்கியிருந்தால் இதைப் படித்த உடனே சைட்டுக்குப் போய்க் கம்பியைப் பாருங்கள்.

மேல் பதிலில் சொன்ன அதே கழியை ஒரே ஆள் காவடியாகத் தூக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். நடுவில் தோள், இரண்டு முனையிலும் 30, 30 கிலோ. தோளில் மொமென்ட் 300 × 1 = 300 நியூட்டன் மீட்டர். இரண்டு பேர் தூக்கும்போதும் நடுவில் இதே 300தான் இருந்தது. எண் மாறவில்லை, ஆனால் அப்போது கழி நடுவில் தொய்ந்தது, இப்போது முனைகள் தொங்குகின்றன. இழுபடுவது இப்போது மேல் நார். கான்கிரீட் நெருக்கலை நன்றாகத் தாங்கும். இழுவையில் அதன் பலம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால் எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் கம்பி இருக்க வேண்டும். பால்கனி என்பது காவடியின் ஒரு பாதி.

உங்கள் மேஸ்திரியைக் குறைசொல்லாதீர்கள். வாழ்நாள் முழுவதும் அறைக்குள் ஸ்லாப் போட்டவருக்குக் கம்பி கீழே என்றுதான் கை பழகியிருக்கும். சுவரிலிருந்து நீட்டிய உத்தரத்தைப் பற்றி 1638-ல் எழுதிய கலிலியோவே, அது சுவரோரத்தில்தான் முறியும் என்பதைச் சரியாகக் கண்டார். ஆனால் அந்த வெட்டுமுகம் முழுவதும் இழுபடுவதாக எடுத்துக்கொண்டார், அடிப்பக்கம் நெருக்கப்படுவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் அவர் கணக்கில் உத்தரம் உண்மையைவிட மூன்று மடங்கு பலமாக வந்தது.

எண்ணிலும் பார்த்துவிடலாம். 1.2 மீட்டர் பால்கனி, ஒரு மீட்டர் அகலத்துக்கு, ஸ்லாபின் எடை, தரை ஓடு, நடமாட்டம் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 7 கிலோ நியூட்டன் என்று எடுத்தால், சுவரோரத்தில் மொமென்ட் 7 × 1.2 × 1.2 ÷ 2, ஏறக்குறைய 5. வெளி விளிம்பில் இடுப்புயரச் செங்கல் சுவர் வைத்தால் அது மீட்டருக்குச் சுமார் 3 கிலோ நியூட்டன்தான். ஆனால் 1.2 மீட்டர் தள்ளி நிற்பதால் 3.6 சேர்க்கிறது. மொத்தம் 8.6. மொத்த எடையில் கால் பங்குக்குக் கொஞ்சம்தான் கூட வரும் சுவர், மொமென்ட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. இப்போது ஒரு அடி நீட்டி 1.5 மீட்டராக்குங்கள். ஸ்லாபுக்கு 7.9, சுவருக்கு 4.5, ஆக 12.4. நீளம் கூடியது கால் பங்கு, மொமென்ட் கூடியது நூற்றுக்கு 43. வடிவமைத்தவரைக் கேட்காமல் ஓரங்குலமும் நீட்டாதீர்கள். சுவருக்குப் பதில் கம்பிக் கைப்பிடி வையுங்கள்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரை கடந்த பிறகு நம் ஊர்ச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இது மறக்காது. எத்தனை மின்கம்பங்கள் தரையோடு முறிந்து கிடந்தன. காற்று நெடுகத் தள்ளினாலும் மொமென்ட் சேர்ந்து சேர்ந்து அடியில்தான் உச்சமாகிறது. பால்கனிக்கு அந்த அடி உங்கள் சுவரோரம். மேல்கம்பி அங்கே முழுசாக இருக்க வேண்டும், உள்ளே அறை ஸ்லாபுக்குள் நீட்டலைப் போல ஒன்றரை மடங்காவது போயிருக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் ஜன்னல் சன்ஷேடு, இரண்டடிதான் நீட்டல். காலையில் கம்பியை நானே பார்த்தேன், மேல்பக்கம் சரியாகக் கட்டியிருந்தது. சரி என்று சொல்லிவிட்டு அடுத்த சைட்டுக்குப் போனேன். மதியம் கான்கிரீட் போடும்போது ஆட்கள் அந்தக் கம்பி மேலேயே நடந்திருக்கிறார்கள். கம்பி மிதிபட்டு அடியில் படுத்துவிட்டது. அதைத் தூக்கிப்பிடிக்க முட்டுக்கம்பி எதுவும் வைக்கச் சொல்லவில்லை நான். பதினான்காம் நாள் பலகை பிரித்தபோது சன்ஷேடு ஒரே துண்டாகச் சுவரோரம் மடிந்து இறங்கியது. பலகை பிரித்தவருக்குக் கணுக்கால் நொறுங்கி, மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த மாலையில்தான், நான் அழகாக வரைந்திருந்த அந்த மொமென்ட் படம் எதைச் சொல்லிக்கொண்டிருந்தது என்று எனக்கு விளங்கியது. அப்பாவின் காவடிக் கழி நினைவுக்கு வந்ததும் அன்றைக்குத்தான்.

அதனால் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மேல்கம்பிக்கு அடியில் நாற்காலிபோல வளைத்த முட்டுக்கம்பி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். நடந்து போகத் தனியாகப் பலகை போடச் சொல்லுங்கள். கான்கிரீட் போட்டு முடிகிறவரை அங்கேயே நில்லுங்கள்.

கேள்வி: எங்கள் சார் மொமென்ட் படத்தைக் கோட்டுக்குக் கீழே வரைகிறார். டியூஷனில் மேலே வரையச் சொல்கிறார்கள். எது சரி?
– மாணவர், காட்டுமன்னார்கோவில்

பதில்: இரண்டும் வழக்கில் இருக்கிறது. பரீட்சையில் எந்த முறை என்று ஓரத்தில் எழுதிவிட்டு, கூட்டல் கழித்தல் குறியைத் தவறாமல் போடுங்கள். என் கட்சி எது என்றால், இழுபடும் பக்கத்தில் வரைவதுதான். தொய்யும் இடத்தில் படம் கோட்டுக்குக் கீழே வரும், காவடிபோல வளையும் இடத்தில் மேலே வரும். கம்பி எங்கே போக வேண்டுமோ அங்கேயே படமும் இருக்கும். மூன்று நான்கு தூண்கள் மேல் தொடர்ந்து போகும் பீமுக்கு இப்படி வரைந்து பாருங்கள். படம் தூணுக்குத் தூண் தலைக்கு மேலே எழும்பி, நடுவில் கீழே இறங்கி, கம்பி கட்டுபவர் கையில் கொடுக்கக்கூடிய வரைபடமாகவே தெரியும்.

கேள்வி: பதினைந்தடி பீம். டிராயிங்கில் தூண் ஓரம் 100 மி.மீ.க்கு ஒரு ரிங் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்), நடுவில் 200 மி.மீ.க்கு ஒரு ரிங். ‘எல்லாத்தையும் ஆறு இஞ்ச்சுக்கு ஒண்ணா சமமாப் போட்டுடலாம் சார், கணக்கு ஒண்ணுதான், வேலையும் சுளுவு’ என்கிறார் கம்பி கட்டுபவர். ஒப்புக்கொள்ளலாமா?
– சைட் சூப்பர்வைசர், பண்ருட்டி

பதில்: கூடாது. எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான், அதை அவர் சரியாகவே சொல்கிறார். இரண்டு ஓரத்திலும் கால் கால் பங்கு நெருக்கமாகப் போட்டால் முப்பத்து மூன்று ரிங் வரும், சமமாகப் போட்டால் முப்பது. ஆனால் எங்கே குறைகிறது என்று பாருங்கள். ஷியர் உச்சத்தில் இருக்கும் தூணோரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, தேவையில்லாத நடுவில் கூடுகிறது.

ஷியர் என்றால் கத்தரிக்கோல் மாதிரி நேர்க்குத்தாக வெட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கான்கிரீட்டில் அப்படி வெட்டுவதில்லை. தூணோரத்தில் ஒரு சின்னச் சதுரத்தை மனத்தில் வரையுங்கள். ஷியர் அதன் ஒரு பக்கத்தை மேலேயும் மறுபக்கத்தைக் கீழேயும் தள்ளிச் சாய்சதுரமாக்குகிறது. சாய்ந்தால் ஒரு மூலைவிட்டம் நீளும், மற்றது சுருங்கும். நீளும் திசையில் கான்கிரீட் இழுபட்டு, அதற்குக் குறுக்கே ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் விரிசல் விடும். நின்றுகொண்டிருக்கும் ரிங் கால்கள் அந்தச் சாய்ந்த விரிசலைக் குறுக்காகத் தைத்துப் பிடிக்கின்றன. நெருக்கமாக இருந்தால் ஒரு விரிசலை மூன்று நான்கு ரிங் பிடிக்கும், தள்ளிப் போட்டால் ஒன்றோ இரண்டோதான் பிடிக்கும்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அளவாகக் கம்பி போட்ட பீம், வளைவில் தோற்கும்போது முன்கூட்டியே சொல்லும். தொய்யும், நடுவில் மயிரிழை விரிசல்கள் விடும், நமக்கு முட்டு கொடுக்க நேரம் இருக்கும். ஷியரில் தோற்கும் பீம் அந்த அவகாசத்தைத் தராது.

நடுவில்தான் ஷியர் பூஜ்யமாயிற்றே, அங்கே ரிங்கே வேண்டாமே என்று அடுத்து யாராவது கேட்பார். பாரம் நெடுகச் சமமாக இருந்தால்தான் அது பூஜ்யம். கல்யாண வீட்டில் கூட்டம் பாதி ஹாலில் மட்டும் நின்றால் நடுவிலும் ஷியர் வந்துவிடும். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ன்படி நேர்க்குத்து ரிங்குகளின் இடைவெளி எங்கேயும் பீமின் பயன் ஆழத்தில் (நெருக்கப்படும் விளிம்பிலிருந்து இழுவைக் கம்பியின் நடு வரையிலான ஆழம்) முக்காலையும் 300 மி.மீ.யையும் தாண்டக்கூடாது. ரிங்கின் கொக்கியை 135 டிகிரிக்கு உள்ளே மடக்கச் சொல்லுங்கள். 90 டிகிரியில் விட்டால் வேலை வரும்போது அவிழ்ந்துகொள்ளும்.

கேள்வி: எங்களுடையது முற்றம் வைத்த பழைய வீடு. கூடத்தில் மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்திரம். அது நடுவில் தொய்ந்திருக்கிறது. பின்கட்டில் 1980களில் போட்ட கான்கிரீட் பீம் ஒன்று இருபதடி. அதிலும் மெல்லிய விரிசல். இரண்டுக்கும் நடுவில் ஆளுக்கொரு தூண் கொடுத்துவிட்டால் கவலையில்லை என்கிறார்கள். செய்யலாமா அம்மா?
– வாசகி, புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கம்

பதில்: உத்திரத்துக்குக் கொடுக்கலாம். கான்கிரீட் பீமுக்கு அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். ஒரே வைத்தியம் இரண்டுக்கும் ஒத்துவராது.

நடுவில் தூண் வைத்ததும் மொமென்ட் படம் அடியோடு மாறுகிறது. 6 மீட்டர் பீம், மீட்டருக்கு 20 கிலோ நியூட்டன் என்று வைத்தால், தூண் இல்லாதபோது நடுவில் 90, இழுபடுவது அடிப்பக்கம். தூண் முழுப் பாரத்தையும் ஏற்றால் அதே நடுவில் 22.5, ஆனால் இழுபடுவது மேல்பக்கம். எண் குறைந்துவிட்டதே என்று மகிழ முடியாது. தேக்குக்கு மேல் கீழ் என்ற வித்தியாசம் இல்லை, எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும். அந்தக் காலத்துக் கான்கிரீட் பீமில் நடுவே மேல்பக்கம் பெரும்பாலும் ரிங்கைத் தொங்கவிட இரண்டு சின்னக் கம்பிகள்தான் இருக்கும். அங்கே புதிதாக இழுவை வந்தால் மேலே விரிசல் விடும், மழைநீர் அதில் இறங்கும். கடற்காற்றில் இருக்கும் நமக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு விஷயம். சும்மா தூணைக் கட்டிப் பீமைத் தொடவிட்டால் ஏற்கெனவே உள்ள பாரம் அதில் ஏறாது. இனிமேல் வைக்கும் பாரம்தான் ஏறும். பழைய பாரமும் ஏற வேண்டுமானால் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும், அதை அளந்து செய்யத் தெரிந்தவர் வேண்டும். அப்படி முழுப் பாரமும் ஏறினால் இந்தக் கணக்கில் அந்தத் தூண் சுமப்பது 75 கிலோ நியூட்டன், ஏழரை டன். தரை ஓட்டின் மேல் நிறுத்தும் தூண் அதைச் சுமக்காது, அதற்கென்று அஸ்திவாரம் வேண்டும். விரிசல் நடுவில் நேர்க்குத்தாக இருக்கிறதா, ஓரத்தில் சாய்வாக இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். சாய்வாக இருந்தால் எழுதக்கூடக் காத்திருக்க வேண்டாம், பீமுக்குக் கீழே உட்காருவதை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஒரு ஸ்டிரக்சுரல் இன்ஜினியரை வரவழையுங்கள்.

இனி உத்திரம். மெட்ராஸ் டெரஸில் உத்திரத்தின் மேல் குறுக்குக் கட்டைகள், அதன்மேல் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்த சின்னச் செங்கல், அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி, தட்டோடு என்று பாரம் நெடுகச் சமமாக இறங்குகிறது. எல்லாரும் தொய்ந்த நடுவையே பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது சுவருக்குள் போகும் முனைகளை. மொமென்ட் அங்கே பூஜ்யம்தான், ஷியரோ அங்கேதான் உச்சம். மழை ஓதமும் கரையானும் சேருகிற இடமும் அதுவே. முனையைச் சுத்தியலால் தட்டுங்கள், ஓட்டைச் சத்தம் வந்தால் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். மாவாக உள்ளே போனால் நடுவில் எத்தனை தூண் வைத்தும் பயனில்லை. முனையைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

முனையில் நடு உயரத்தில் படுக்கைவசமாக வெடிப்பு ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை வளைத்தால் பக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் அல்லவா? உத்திரத்துக்குள்ளும் நார்கள் அப்படி வழுக்கப் பார்க்கின்றன. மரம் நார்வாக்கில் பலவீனமானது, அதனால் ஷியர் அதைப் படுக்கையாகப் பிளக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ ரயில் பாதைக்கு மரப் பாலங்கள் கட்டிய ழுராவ்ஸ்கி என்ற ரஷ்யப் பொறியாளர்தான் இந்த வழுக்கலைக் கணக்காக்கினார். நம் பிள்ளைகள் இன்றும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். காய்ந்த மரத்தில் சின்ன வெடிப்பு சகஜம். முனையிலிருந்து உள்நோக்கி நீளமாக ஓடும் வெடிப்புக்கு இரும்புப் பட்டை போட்டு இறுக்க வேண்டும்.

முனைகள் நன்றாக இருந்தால் நடுவில் மரத்தூண் ஒன்று கொடுங்கள், கீழே கல் அஸ்திவாரத்தோடு. கூடத்துக்கு அழகாகவும் இருக்கும். மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தால் அதை உத்திரத்தின் நடுவிலிருந்து நகர்த்துங்கள். ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன். 4 மீட்டர் உத்திரத்தின் நடுவில் அது 10 கிலோ நியூட்டன் மீட்டர் மொமென்ட் தரும். சுவரிலிருந்து அரை மீட்டரில் வைத்தால் 4.4 ஆகிறது. நேரே சுவரின் மேல் வைத்தால் உத்திரத்துக்கு ஒன்றுமே இல்லை.

கேள்வி: பீம் வழியாக நாலு இஞ்ச் பைப் போக வேண்டும். ஓட்டை எங்கே போடலாம்?
– பிளம்பர், பாகூர்

பதில்: கான்கிரீட் போடும் முன்பா, பிறகா என்று நீங்கள் எழுதவில்லை. முன்பென்றால் வடிவமைத்தவரிடம் சொல்லிவிட்டு, பீம் நீளத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில், பாதி உயரத்தில், ரிங்குகளுக்கு நடுவே ஒரு குழாய்த் துண்டை வைத்துக் கட்டிவிடுங்கள். அங்கே ஷியர் குறைவு. வளைவினால் வரும் நெருக்கலும் இழுவையும் மேலும் கீழும்தான் அதிகம், பாதி உயரத்தில் கொஞ்சம்தான். பீம் பதினைந்து இஞ்ச் உயரமாவது இருக்க வேண்டும். பெரும்பாலும் பிளம்பர்களுக்குத் தூணோரம்தான் வசதி, பைப் அங்கேதான் இறங்கும். அந்த ஓரத்தைத் தொடவே தொடாதீர்கள். கான்கிரீட் போட்டாயிற்று என்றால் பைப்பைப் பீமுக்கு அடியில் இறக்கிச் சுற்றிக் கொண்டுபோங்கள், ஒரு பெண்டும் இரண்டடிக் குழாயும்தான் கூடுதலாகும்.